தோப்பு அறைக்கு இணையம்: பழைய ரவுட்டரை வைத்தே வயர்லெஸ் பிரிட்ஜ் போடலாமா?

கேள்வி இதுதான். பொள்ளாச்சிப் பக்கம் வீடு. முன்னறையில் ஃபைபர் இணைப்பு, கம்பெனி கொடுத்த ரவுட்டர். வீட்டிலிருந்து சுமார் 80 மீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்குள், மோட்டார் ரூமை ஒட்டி ஓர் அறை. அங்கே ஒரு டெஸ்க்டாப், இரண்டு கேமரா, அவற்றைப் பதிவு செய்யும் என்விஆர். எதிலும் வைஃபை கிடையாது, கேபிள் போர்ட் மட்டும்தான். கையில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வயர்லெஸ் பிரிட்ஜாக மாற்றினால் போதுமா, புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமா? கடைக்காரர் "ரிப்பீட்டர் போட்டுக்குங்க" என்கிறார்.

வாங்கத்தான் வேண்டும். ஆனால் ரிப்பீட்டர் இல்லை. பழைய ரவுட்டரையும் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இதில் பாதிப் பேர் காசை விடுவது பிரிட்ஜ், ரிப்பீட்டர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான்.

ரிப்பீட்டரின் வேலை, கேட்ட சிக்னலைத் திரும்பச் சொல்வது. வீட்டு ரவுட்டரின் வைஃபை எட்டும் இடத்தில் அதை வைக்க வேண்டும், அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் அது எட்ட வைக்கும். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புகிற சாதனம் என்றால், ஒவ்வொரு பொட்டலமும் (இணையத் தகவல் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும்) காற்றில் இரண்டு முறை போகிறது, வேகம் பாதியாகிவிடும். 80 மீட்டரில் இன்னொரு சங்கடமும் உண்டு. நடுவழியில், மரத்தடியில், பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது?

பிரிட்ஜ் என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே காற்றில் இழுத்த கேபிள். முதல் முனையில் ஒரு போர்ட், கடைசி முனையில் ஒரு போர்ட், நடுவில் கண்ணுக்குத் தெரியாத வயர். அமைக்கும்போது எங்கே குழப்பம் வந்தாலும் "இந்த இடத்தில் கேபிள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக விடை கிடைத்துவிடும்.

சரி, பழைய ரவுட்டர் ஏன் இந்தக் கேபிளாக மாற மறுக்கிறது? தூரம் ஒரு காரணம். வீட்டு ரவுட்டரின் அன்டெனா எல்லாத் திசைக்கும் சிக்னலை இறைக்கிறது. இரண்டு சுவர், பத்துத் தென்னை தாண்டி 80 மீட்டர் என்றால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆனால் தூரமே இல்லாமல், பக்கத்து அறைக்குப் பிரிட்ஜ் போட்டாலும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அது முகவரிச் சிக்கல்.

கடித உறையில் 'மே/பா' என்று எழுதுவோமே, மேற்பார்த்து. விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருப்பவருக்குக் கடிதம் போடும்போது யாருக்கு என்றும் எழுதுகிறோம், யார் வழியாக என்றும் எழுதுகிறோம். கேபிள் நெட்வொர்க்கில் இந்தத் தொல்லை இல்லை. கேபிள் தன் மீது யார் முகவரி போகிறது என்று பார்ப்பதில்லை. ஆனால் வைஃபையில் ஒரு போனோ லேப்டாப்போ ஆக்சஸ் பாயின்ட்டோடு, அதாவது வைஃபை தரும் சாதனத்தோடு, பேசும்போது, அந்தப் பொட்டலத்தில் மூன்று மேக் முகவரிகள்தான் (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) பயன்படுகின்றன. போன் அனுப்புகிறது, ஆக்சஸ் பாயின்ட் வாங்குகிறது, மூன்றாவது முகவரி கடைசியில் யாருக்குப் போக வேண்டும் என்பது. அனுப்பும் போனும் செய்திக்குச் சொந்தக்காரரும் ஒருவரே என்று வைத்துக்கொண்டு செய்த ஏற்பாடு இது. போனுக்குப் பின்னால் இன்னொரு கம்ப்யூட்டர் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தால், அதன் பெயரை எழுத உறையில் இடமே இல்லை. மே/பா இல்லாத உறை. தன்னிடம் பதிவு செய்யாத மேக் முகவரியிலிருந்து பொட்டலம் வந்தால் ஆக்சஸ் பாயின்ட்டும் அதைக் கீழே போட்டுவிடும்.

இதற்கென்றே நான்கு முகவரி உள்ள பொட்டல வடிவம் ஒன்று வைஃபைக்கான 802.11 தரத்தில் தொடக்கம் முதலே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறையைத்தான் டபிள்யூடிஎஸ் என்கிறார்கள். ஆனால் உறையின் வடிவத்தைச் சொன்ன தரம், அதை வைத்து இரண்டு சாதனங்கள் எப்படிக் கைகுலுக்க வேண்டும் என்பதை முழுதாகச் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்தார்கள். அதனால் ஒரு கம்பெனி ரவுட்டரின் டபிள்யூடிஎஸ் இன்னொரு கம்பெனி ரவுட்டரோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. இணைய கம்பெனிகள் இலவசமாகக் கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் அந்த வசதியே கண்ணில் படாது.

இதைச் சமாளிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. தோப்பு முனையில் உள்ள சாதனம், தனக்குப் பின்னால் இருக்கும் எல்லோருடைய கடிதத்தையும் தன் பெயரிலேயே அனுப்பும். எந்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் சாதனத்துக்கு ஒதுக்கும் எண்) எந்த மேக் முகவரிக்குச் சொந்தம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, பதில் வரும்போது பிரித்துக் கொடுக்கும். 'கிளையன்ட் பிரிட்ஜ்' என்ற பெயரில் வருபவை பலவும் இந்த வகை. ஆசுஸ் ரவுட்டர்களில் 'மீடியா பிரிட்ஜ்' என்றொரு தேர்வு இருக்கும், அதுவும் கேபிள் சாதனங்களை வைஃபையோடு இணைக்கத்தான். டிபி-லிங்க்கின் பழைய மாடல்களில் வயர்லெஸ் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் 'எனேபிள் டபிள்யூடிஎஸ் பிரிட்ஜிங்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். உங்கள் பழைய ரவுட்டரில் இப்படி எதுவும் இல்லையென்றால், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று மென்பொருள் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அதில் இரண்டு முனையிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி இருந்தால் டபிள்யூடிஎஸ், ஒரு முனையில் மட்டும் என்றால் 'ரிலேடி' என்ற துணை நிரல். டிவி, டெஸ்க்டாப் போன்றவற்றுக்கு இந்தக் குறுக்கு வழி தாராளமாகப் போதும். ஆனால் வீட்டு ரவுட்டரின் பட்டியலில் தோப்பில் உள்ள எல்லாச் சாதனங்களும் ஒரே மேக் முகவரியில் தெரியும். மேக் முகவரியை வைத்து என்விஆருக்கு நிலையான ஐபி ஒதுக்கப் போனால் குழம்பும். ஒரே வீட்டுக்குள், மாடிக்கும் கீழுக்கும் என்றால், நானே "முதலில் பழைய ரவுட்டரை முயன்று பாருங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்களுடையது 80 மீட்டர். இதற்கு வெளிப்புறத்துக்கென்றே செய்த, ஒரு திசையில் குவிக்கும் அன்டெனாவோடு வரும் சிபிஇ என்ற வயர்லெஸ் சாதனத்தின் ஜோடிதான் சரி. டிபி-லிங்க் சிபிஇ510, யுபிக்விட்டியின் நானோஸ்டேஷன் லோகோ எம்5, இரண்டுமே 5 கிகாஹெர்ட்ஸ், இரண்டிலும் அன்டெனா வலு 13 டெசிபெல். எதை வாங்கினாலும் இரண்டு வாங்குங்கள், இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். மேலே சொன்ன முகவரிச் சண்டை அதோடு தீர்ந்துவிடும். ஒரே கம்பெனிச் சாதனங்கள் தங்களுக்குள் நான்கு முகவரி உறையில் பேசிக்கொள்ளும், உங்கள் என்விஆர் வீட்டு ரவுட்டருக்குத் தன் சொந்த மேக் முகவரியோடே தெரியும். இந்த இரண்டு மாடலிலும் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், அதனால் கைக்கு வருவது 95ஐத் தாண்டாது. இரண்டு கேமராவுக்கும் ஒரு டெஸ்க்டாப்புக்கும் அதுவே ஏராளம். கூடுதல் வேகம் வேண்டும் என்று தோன்றினால் கிகாபிட் போர்ட் உள்ள சிபிஇ710, நானோஸ்டேஷன் 5ஏசி லோகோ மாதிரி பாருங்கள். பெட்டியில் '15 கிலோமீட்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், இவ்வளவு வலு நமக்கெதற்கு என்று தயங்கவும் வேண்டாம்.

இனி தோப்பு விஷயம். எல்லோரும் செய்வது, மொட்டை மாடியில் குழாய் நட்டு எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டுவது. வெட்டவெளியில் அது சரி. தென்னந்தோப்பில் தப்பாகப் போகலாம். மாடி உயரத்துக்கு மேலே போனால் நேராக மட்டைகளுக்குள் போய் நிற்பீர்கள். வளர்ந்த நெட்டைத் தென்னை என்றால் கொண்டை எங்கேயோ உயரத்தில் இருக்கும், கீழே வெறும் தண்டு வரிசைதான். வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டுத்தான் நட்டிருப்பார்கள். அந்தச் சந்து வழியாகப் பார்த்தால், தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் நேர்ப்பார்வை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. குட்டை ரகம் என்றால் கதை மாறும், மட்டை அந்த உயரத்திலேயே தொங்கும்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரிப் போவதில்லை. நடுவில் உப்பி, இரண்டு முனையில் ஒடுங்கிய ஒரு வெள்ளரிக்காய் வடிவத்தில் இடம் எடுத்துக்கொள்ளும். இதற்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். 80 மீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நட்ட நடுவில் அதன் ஆரம் சுமார் ஒரு மீட்டர். அதில் குறைந்தது 60 சதவீதம் காலியாக இருக்க வேண்டும். அதாவது நேர்க்கோட்டைச் சுற்றி அறுபது சென்டிமீட்டருக்கு மட்டை, கிளை, கம்பிவேலி எதுவும் வரக்கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த வெள்ளரிக்காய் இன்னும் பருமன், நடுவில் ஆரம் 1.6 மீட்டர் அளவுக்குப் போகும். இலை தழைக்குள் நுழைந்து போவதில் 2.4 கொஞ்சம் தேவலை என்பது உண்மைதான். ஆனாலும் நேர்ப்பார்வை கிடைத்தால் 5 கிகாஹெர்ட்ஸே மேல், நெரிசல் குறைவு. வெயில் நாளில் பிரமாதமாக ஓடிய இணைப்பு தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் படுத்துவிட்டால், மழையைத் திட்டாதீர்கள். இவ்வளவு தூரத்துக்கு மழைத்துளி ஒன்றும் செய்யாது. நனைந்த மட்டை ஒன்று குறுக்கே வந்திருக்கும். ஈர இலை அலையை நன்றாகவே குடித்துவிடும்.

இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018-ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. வெளிப்புறத்துக்கும் சேர்த்துத்தான். நான் 149-லிருந்து 165 வரையுள்ள சேனல்களில் ஒன்றை எடுப்பேன். 52-லிருந்து 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று சாதனம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும், நடுவில் ரேடார் சத்தம் கேட்டதாகத் தோன்றினால் சேனலை விட்டு ஓடிவிடும். நமக்கு அந்த வம்பு எதற்கு? சாதனத்தில் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள், வேகம் போதவில்லை என்றால் 40 ஆக்கலாம்.

அமைக்கும் வேலையைக் கூரையில் செய்யாதீர்கள். இரண்டு சிபிஇயையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, எல்லாம் ஓடுகிறதா பார்த்துவிட்டு, அப்புறம் ஏணியை எடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஏணி மேல் நின்றுகொண்டு லேப்டாப்பில் பாஸ்வேர்ட் தட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

முதலில் வீட்டு ரவுட்டரின் ஐபியைப் பாருங்கள். 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பக்க சிபிஇக்கு 192.168.1.2, தோப்புப் பக்க சிபிஇக்கு 192.168.1.3. ரவுட்டரின் டிஹெச்சிபி எண்கள், அதாவது சாதனங்களுக்கு அது தானாக ஒதுக்கும் ஐபி எண்கள், 20-லிருந்தோ 100-லிருந்தோ தொடங்கும்படி செய்துவிடுங்கள், இந்த நிலையான எண்களோடு மோதாது. சிபிஇ510 பெட்டியிலிருந்து வரும்போது 192.168.0.254 என்ற முகவரியில் இருக்கும், யுபிக்விட்டி என்றால் 192.168.1.20. லேப்டாப்புக்குத் தற்காலிகமாக அதே வரிசையில் ஓர் எண் கையால் கொடுத்தால்தான் அந்தப் பக்கம் திறக்கும். "பக்கமே வரலைங்க" என்று வரும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான்.

வீட்டுப் பக்கம் உள்ளதை ஆக்சஸ் பாயின்ட் ஆகவும், தோப்புப் பக்கம் உள்ளதைக் கிளையன்ட் ஆகவும் வையுங்கள். யுபிக்விட்டியில் இரண்டாவதன் பெயர் ஸ்டேஷன். அதன் பழைய ஃபர்ம்வேரில் (சாதனத்தின் உள் மென்பொருள்) டபிள்யூடிஎஸ் என்று தனியாக ஒரு டிக் பெட்டி இருக்கும், இரண்டு பக்கமும் அதைப் போட மறக்காதீர்கள். நெட்வொர்க் பிரிவில் 'பிரிட்ஜ்' என்றுதான் இருக்க வேண்டும், 'ரவுட்டர்' அல்ல. வைஃபைக்கு ஒரு தனிப் பெயர், வீட்டு வைஃபை பெயரை வைக்காதீர்கள், போன்கள் போய் ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2, நீளமான பாஸ்வேர்ட். சாதனத்துக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

சிபிஇக்கு மின்சாரம் அதே நெட்வொர்க் கேபிளிலேயே போகும். கூடவே வரும் சின்ன அடாப்டரில் இரண்டு போர்ட். லேன் என்று போட்டது ரவுட்டருக்கு, பிஓஇ (கேபிள் வழி மின்சாரம்) என்று போட்டது சிபிஇக்கு. மாற்றிச் செருகாதீர்கள். கேட்காமலே 24 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும் எளிய வகை இது, லேப்டாப்பின் போர்ட் போய்விடக்கூடும். கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிவாக விற்பதில் பலவற்றில் முழுச் செம்பு இருக்காது, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. நீளம் கூடினால் மறு முனையில் வோல்ட் இறங்கி, சிபிஇ இரவில் தானாக அணைந்து எரியும். வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். சிபிஇயின் போர்ட் தரையைப் பார்த்து இருக்க வேண்டும், கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மேசையில் ஓடியதைக் கொண்டுபோய்க் கட்டியதும் சிக்னல் அளவைப் பாருங்கள். நேர்ப்பார்வை நன்றாக இருந்தால் இந்தத் தூரத்துக்கு மைனஸ் 40 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடும்) பக்கம் வர வேண்டும். மைனஸ் 65 வரை குறை சொல்ல முடியாது. மைனஸ் 75-க்குக் கீழே போனால் எங்கோ மட்டை மறைக்கிறது, அல்லது அன்டெனா கோணம் தப்பு. ஒருவர் ஒரு முனையில் மெல்லத் திருப்ப, இன்னொருவர் போனில் எண்ணை வாசித்துச் சொன்னால் பத்து நிமிட வேலை. கணக்குக்கு மேலே, மைனஸ் 30 என்று வந்தால் சந்தோஷப்படாமல் அனுப்பும் சக்தியைக் குறையுங்கள். காதுக்குள் கத்தினால் யாருக்கும் புரியாது. பிறகு இரண்டு முனையிலும் ஒரு லேப்டாப் வைத்து ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் நிரலை ஓட்டிப் பாருங்கள். இணைய வேகச் சோதனை உங்கள் ஃபைபர் பிளானின் வேகத்தையும் சேர்த்துக் காட்டும், பிரிட்ஜின் வேகத்தை மட்டும் தனியாகச் சொல்லாது.

இப்போது அந்தப் பழைய ரவுட்டர். தோப்பில் கேபிள் சாதனங்கள் மூன்று நான்கு, சிபிஇயிலிருந்து வரும் போர்ட் ஒன்று. அங்கே அது சுவிட்ச்சாகவும், போனுக்கு வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டாகவும் உட்காரட்டும். அதன் ஐபியை 192.168.1.4 என்று மாற்றி, டிஹெச்சிபியை அணைத்து, அடாப்டரிலிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். இணையம் உள்ளே வருவதற்கென்று தனியாக இருக்கும் 'வேன்' (WAN) போர்ட்டில் அல்ல. அமைப்பு எதையும் மாற்றாமல் வேன் போர்ட்டில் செருகினாலும் இணையம் வரக்கூடும், அதனால்தான் ஏமாறுவோம். தோப்பு தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும், வீட்டிலிருந்து கேமராவைப் பார்க்க முடியாது. டிஹெச்சிபியை அணைக்க மறந்தாலோ, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்கு எண் ஒதுக்குவார்கள். ஒரு போனில் நெட் வரும், இன்னொன்றில் வராது, நாளைக்கு மாறி வரும். பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

அதைவிடப் பெரிய பேய் ஒன்றை நானே வரவழைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மாடிக்குப் பிரிட்ஜ் போட்டிருந்தேன். பிறகு வயரிங் வேலை நடந்தபோது மாடிக்குக் கேபிளும் இழுத்தாயிற்று. பிரிட்ஜை நிறுத்தாமலே கேபிளைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க இணையம் செத்தது, ரவுட்டரில் எல்லா விளக்கும் வெறி பிடித்து மின்னியது. ரவுட்டர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் அதேபோல மின்னியது. காற்றில் ஒரு கேபிள், சுவரில் ஒரு கேபிள், இரண்டும் சேர்ந்து ஒரு வட்டம். எல்லோருக்கும் என்று அனுப்பிய பொட்டலம் அந்த வட்டத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே இருந்திருக்கிறது. சுவர்க் கேபிளை உருவியதும் எல்லாம் சரி. பிரிட்ஜைக் கேபிளாக நினையுங்கள் என்று சொன்னதை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். சுவிட்ச்சில் எஸ்டிபி வசதி இருந்தால் இந்த வட்டத்தைத் தானே கண்டுபிடித்து ஒரு பக்கத்தை மூடிவிடும். சாதாரண வீட்டு சுவிட்ச்சில் அதை எதிர்பார்க்க முடியாது.

80 மீட்டர்தானே, நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர் வரை அனுமதி உண்டே, மண்ணில் புதைத்துவிடலாமே என்றும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். செம்புக் கேபிள் என்றால் வேண்டாம் என்பேன். இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி எர்த், பக்கத்திலேயே மோட்டார், திறந்தவெளி இடி மின்னல். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலும் அந்தச் செம்பு வழியாகவே இரண்டு பக்கச் சாதனங்களுக்கும் அடி வரலாம். புதைப்பதென்றால் ஃபைபரைப் புதையுங்கள். இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் நெட்வொர்க் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி), நடுவில் குழாய்க்குள் ஃபைபர். மின்சாரம் கடத்தாது, மட்டை மறைக்காது, வேகமும் கூடுதல். தோப்பில் உழவு ஓட்டும்போது டிராக்டர் தொடாத ஆழமும் பாதையும் கிடைக்கும் என்றால், பிரிட்ஜைவிட நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தலைக்கு மேலே கட்டி இழுத்தால் விழுகிற மட்டை ஒரு நாள் அறுத்துவிடும்.

கடைசியாக மின்சாரம். மோட்டார் ரூமுக்கு வருவது விவசாய இணைப்பு என்றால் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வரும் என்று நம்ப முடியாது, அதிலிருந்து இந்த அறைக்கு எடுக்கவும் கூடாது. அறைக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சிபிஇ இழுப்பது சில வாட்தான். ஆனால் ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் இதற்கு ஆகாது, 24 வோல்ட் பிஓஇ கொடுக்கும் வகை வேண்டும். யுபிஎஸ்ஸைத் தோப்பில் மட்டும் வைத்துவிட்டு வீட்டுப் பக்க சிபிஇக்கு வைக்காமல் விடுபவர்கள் உண்டு. வீட்டில் கரண்ட் போனால் கேமரா பாட்டுக்கு என்விஆரில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும், உங்கள் போனில் மட்டும் படம் வராது.